மேற்குப் பாறையில் ஒரு கோட்டான்

பறவை எண்ணுவதெல்லாம் ஒரு வேலையா என்று என்னைக் கேட்காதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஆறு வருஷம் அந்த வேலையைத்தான் பார்த்தேன். நைனா மட்டும் கொஞ்சம் மரியாதையாகக் கேட்பார். "இன்னிக்கி எத்தினி குருவிம்மா?" நான் எண்ணிக்கையைச் சொல்வேன். "பரவால்லியே" என்பார். குறைவாகச் சொன்னாலும் பரவால்லியேதான், அதிகமாகச் சொன்னாலும் பரவால்லியேதான். அவரோடு எனக்குச் சண்டையே வந்ததில்லை.

வேலை இதுதான். கல் குவாரி நடத்துகிறவர்கள் புதிதாக ஒரு பாறையை உடைக்க வேண்டுமென்றால், அந்த இடத்தில் என்னென்ன செடி கொடி, என்னென்ன பிராணி, என்னென்ன பறவை என்று ஓர் அறிக்கை கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அறிக்கை தயாரிக்கிற கம்பெனி சென்னையில் இருந்தது. பறவைகள் செஞ்சியில் இருந்தன. நானும் செஞ்சியில் இருந்தேன். அதனால் எனக்கு வேலை கிடைத்தது. என் திறமையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எங்களுக்கென்று ஒரு படிவம் உண்டு. பறவையின் பெயர், எத்தனை, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம். கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி: தங்குகிறதா, கடந்து செல்கிறதா. காக்கா, மைனா, தவிட்டுக்குருவி மாதிரி யாருக்கும் தொந்தரவில்லாத பறவை என்றால் 'தங்குகிறது'. சட்டத்தின் அட்டவணையில் மேலே இருக்கிற, அனுமதிக்கு வில்லங்கமாக வரக்கூடிய பறவை என்றால் 'கடந்து செல்கிறது'. இப்படி எழுது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சென்னை ஆபீஸ் சார் போன் செய்வார். "ஏம்மா, அந்த ராஜாளி பறந்து போனதைத்தானே நீ பார்த்தே?" என்று கேட்பார். ராஜாளி பறக்காமல் பின்னே நடந்தா போகும். "ஆமா சார்" என்பேன். "அதான பார்த்தேன்" என்று வைத்துவிடுவார். ஆறு வருஷ அறிக்கைகளையும் ஒன்றாக அடுக்கிப் படித்தால், எங்கள் பக்கத்து அபூர்வப் பறவை எதற்கும் வீடு வாசல் இல்லை, எல்லாம் ஏதோ பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கின்றன என்று தோன்றும்.

நான் சொல்ல வந்த குவாரி, செஞ்சிக்கும் அனந்தபுரத்துக்கும் நடுவில் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கிழக்குப் பக்கத்துப் பாறையை உடைத்து உடைத்து முடித்துவிட்டார்கள். அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்று, முக்குளிப்பானும் மீன்கொத்தியும் குடி வந்துவிட்டன. மேற்குப் பாறையில் இன்னும் யாரும் கை வைக்கவில்லை. அதை உடைக்கத்தான் அனுமதி கேட்டிருந்தார்கள். அனுமதி கிடைத்தால் எல்லோருக்கும் வேலை இருக்கும். கிடைக்காவிட்டால் கிழக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிற மிச்சத்தைச் சுரண்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இது அங்கே டீ கொண்டு வருகிறவருக்குக்கூடத் தெரியும்.

முதல் நாள் காலையில் பைனாகுலரோடு போய் இறங்கினேன். ஆபீஸ் ரூம் வாசலில் அரிசி இறைத்துக் கிடந்தது. வேப்பமரத்தில் ஆறேழு மண் சட்டி தொங்கியது. எடை போடுகிற ரூம் ஜன்னலில் ஒரு கூண்டு, அதற்குள் நாலு லவ் பேர்ட்ஸ். கேட்டுக்குப் பக்கத்தில் புதுப் பெயிண்ட் வாசனையோடு ஒரு போர்டு: 'பறவைகள் ஜாக்கிரதை'. எழுத்துக்குக் கீழே கிளி மாதிரி ஒன்று. கால் மட்டும் கொக்கு.

மேனேஜர் கை கூப்பிக்கொண்டு வந்தார். ஐம்பது வயசுக்காரர், சாது. "போன வாட்டி மரம் எண்ண வந்தாங்க மேடம். மரம் கம்மியா இருக்குதுன்னு திட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்கு ஒரே டென்ஷனாப் போச்சு. இந்த வாட்டி பறவை கொறையாது மேடம். தாராளமா எண்ணிக்கோங்க."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் புரிந்தது. பறவை நிறைய இருந்தால் பாஸ், குறைவாக இருந்தால் ஃபெயில் என்று இந்த மனுஷன் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் மேல் தப்புச் சொல்லவும் முடியாது. மரத்தை எண்ணிவிட்டுக் குறைவு என்று திட்டியவர்கள், பறவையை எண்ணிவிட்டு அதிகம் என்று திட்டுவார்கள் என எந்த மனுஷன் நினைப்பான்?

பள்ளத்துத் தண்ணீரோரம் மூன்று வாத்து நின்றது. "இது யாரோட வாத்து?" என்றேன்.

"தானா வந்துச்சு மேடம்."

மூன்றுக்கும் காலில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. நான் படிவத்தில் எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டேன். சிரிப்பை அடக்க வேறு வழி இல்லை.

அப்போதே அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் தப்பாக நினைத்திருப்பது எனக்கு வசதியாக இருந்தது, அதுதான் உண்மை. மற்ற குவாரிகளில் என்னைக் கண்டால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இங்கே யாருக்கு என்ன பறவை கண்ணில் பட்டாலும் மேடத்திடம் சொல்ல வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு போட்டிருந்தார். டிப்பர் லாரிக்காரர்கள் நடு வழியில் பிரேக் போட்டு, "மேடம், அதோ ஒரு காக்கா!" என்று கத்தினார்கள். கம்ப்ரசர் ஓட்டுகிறவர் சத்தத்தை நிறுத்திவிட்டு வந்து, தன் வீட்டில் ஒரு சேவல் இருப்பதாகவும் அதையும் சேர்த்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார். முடியாது என்றேன். "நாட்டுச் சேவல் மேடம்" என்றார், ஏதோ சாதிச் சான்றிதழ் காட்டுகிற மாதிரி.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் கொடிக்கார அக்காவைப் பார்த்தேன். குவாரியில் வெடி வைக்கும்போது சிவப்புக் கொடி பிடித்து, விசில் ஊதி, ஆட்களையும் ஆடு மாடுகளையும் விரட்டுகிற வேலை அவருக்கு. நாற்பது வயசிருக்கும். பத்தாவது வரைக்கும் படித்தவர். கழுத்தில் விசிலும் தாலியும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு கிடக்கும். மூன்று நாள் என்னைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நாலாவது நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ எழுதறது எல்லாப் பறவையும்தானே? நல்லது, கெட்டதுன்னு பிரிச்சி எழுதறது இல்லியே?"

"எல்லாம்தான்க்கா."

"அப்ப அமாவாச அன்னிக்கி வா. எல்லாரும் மேல்மலையனூர் கோயிலுக்குப் போயிடுவாங்க. குவாரி லீவு. நீயும் நானும் மட்டும்."

எதற்கு என்று கேட்டேன். வந்தால் தெரியும் என்றார்.

அமாவாசையன்று ரோட்டில் வந்த பஸ் எல்லாம் ஸ்பெஷல் பஸ். எல்லாம் எனக்கு எதிர்ப்பக்கம் போனது. குவாரி சத்தமில்லாமல் கிடந்தது. அக்கா என்னை மேற்குப் பாறைக்குப் பின்னாலிருந்து ஏற்றிக் கூட்டிப்போய், ஒரு குண்டுக் கல்லுக்குப் பின்னால் உட்கார வைத்து, கையை மட்டும் நீட்டினார். எதிரே பாறையில் இடுப்பளவுக்கு ஒரு வெடிப்பு. அதன் வாசலில் திண்டு மாதிரி ஒரு மேடை. அதில் உட்கார்ந்திருந்தது. தலையில் இரண்டு கொம்பு, ஆரஞ்சுக் கண், மரக்கட்டைக்குச் சட்டை போட்ட மாதிரி உடம்பு. புத்தகத்தில் கொம்பன் ஆந்தை. எங்கள் ஊரில் கோட்டான்.

அதற்குப் பின்னால், வெள்ளைப் பஞ்சு மாதிரி, இரண்டு குஞ்சு.

பைனாகுலரை எடுக்கவே எனக்குத் தோன்றவில்லை. ஆறு வருஷமாக நான் கோட்டானைப் பார்த்திருக்கிறேன், சத்தம் கேட்டிருக்கிறேன், எலி எலும்பைக் கக்கிப் போட்டிருக்கிற இடங்களைப் பார்த்திருக்கிறேன். குஞ்சைப் பார்த்ததில்லை. சந்தோஷம் தாங்காமல் அக்கா கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஏதோ தன் பிள்ளை ஸ்கூலில் பரிசு வாங்கிய மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"மூணு வருசமா இங்கதான் இருக்குது. நான் யாருக்கும் சொல்லல. சொன்னா கல்லால அடிச்சே கொன்னுடுவானுங்க. கோட்டான் கத்துனா சாவு விழும்னு சொல்றானுங்க இல்ல? இங்க வெடி சத்தத்துல எவனுக்கு அது கத்தறது கேக்குது? அதான் பொழைச்சுது."

அப்புறம் இன்னொன்று சொன்னார். அதை நான் என் நோட்டில் எழுதி வைத்தேன். கிழக்கே வெடி வைப்பதற்கு முன்னால் அவர் மூன்று தடவை விசில் ஊதுவார். முதல் விசிலுக்குக் கோட்டான் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்குமாம். இரண்டாவது விசிலுக்குக் குஞ்சுகளை முன்னால் தள்ளிக்கொண்டு வெடிப்புக்குள்ளே போய்விடுமாம். வெடித்து, தூசி அடங்கி, எல்லாம் சரி என்று ஒரு நீள விசில் ஊதினால்தான் வெளியே வருமாம். "எம் புருசன்கூட இவ்ளோ சொன்ன பேச்சு கேட்டதில்ல" என்றார்.

நான் நம்பவில்லை. மறுநாள் குவாரி ஓடும்போது அதே குண்டுக் கல்லுக்குப் பின்னால் அனுமதி வாங்கிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். அக்கா சொன்னதில் ஒரு எழுத்து மாறவில்லை.

"இத எழுதிடு" என்றார் சாயங்காலம். "மேனேஜர் பாவம், வாத்துக்குக் கயிறு கட்டிக்கிட்டுத் திரியறாரு. இது ஒன்னு போதும் இல்ல நமக்கு?"

நமக்கு என்றார். நான் "போதும்க்கா" என்றேன். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். இதை எழுதினால் மேற்குப் பாறையைத் தொட விட மாட்டார்கள், நீங்கள் காட்டிக்கொடுத்தது கோட்டானை இல்லை, உங்கள் வேலையை என்று சொல்லியிருக்க வேண்டும். மென்று முழுங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து படிவத்தில் எழுதினேன். கொம்பன் ஆந்தை, பெரியது ஒன்று, குஞ்சு இரண்டு, மேற்குப் பாறை. கடைசிக் கட்டத்தில்: தங்குகிறது, கூடு. ஆறு வருஷத்தில் முதல் தடவை. எழுதிவிட்டு எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. சென்னைக்கு அனுப்பினேன்.

மறுநாள் ஆபீஸ் சார் போன் செய்தார். குரலில் கோபமே கிடையாது. அதுதான் அவரிடம் பிரச்சினை. "ஏம்மா, கூடுன்னு போட்டிருக்கே. அது உட்கார்ந்திருந்ததைப் பார்த்தே. உட்கார்ந்த இடமெல்லாம் கூடா? நீ பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்தா அது உன் வீடா?"

"குஞ்சு இருந்துச்சு சார்."

"குஞ்சும் உட்கார்ந்திருந்துச்சு."

அவரே தொடர்ந்தார். "அங்க எத்தனை குடும்பம் வேலை செய்யுதுன்னு உனக்கே தெரியும். நீ அந்தப் பக்கத்துப் பொண்ணுதானே. பறந்து போனதைத்தானே பார்த்தே?" என்றார்.

"ஆமா சார்" என்றேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் பாதி. குவாரி ஆட்களின் பிழைப்பு பாதி. இந்த இரண்டாவது பாதியைத்தான் பிறகு பல மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அறிக்கை தயாரானதும் ஊர் மக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். அது சட்டம். ரோட்டோரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். முந்தின நாள் முகூர்த்தம் போலிருக்கிறது, மேடையில் ஜரிகைத் திரையைக் கழற்றவில்லை. அதன் முன்னால் பெரிய அதிகாரி மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார யாருக்கும் தைரியம் வரவில்லை. எல்லோருக்கும் டீ, பிஸ்கட், அறிக்கையின் சுருக்கம் தமிழில் ஒரு புத்தகம். வீடியோ எடுத்தார்கள். நானும் ஆபீஸ் சாரும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தோம்.

குவாரி ஆட்களை மேனேஜர் வேனில் கூட்டி வந்திருந்தார். ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்து, குவாரியால் எங்களுக்கு வேலை கிடைக்கிறது, அனுமதி கொடுங்கள் என்றார்கள். ஒரு நிலக்கடலை விவசாயி தூசி மல்லாட்டைச் செடியில் படிகிறது என்றார். குறித்துக்கொண்டார்கள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

அக்கா கையில் அந்தப் புத்தகத்தோடு எழுந்தார். நடுவில் ஒரு பக்கத்தில் விரலை வைத்திருந்தார்.

"சார், இதுல ஒன்னு தப்பா போட்டிருக்குது. கோட்டான் கடந்து போவுதுன்னு போட்டிருக்குது. அது போவல சார். மூணு வருசமா மேக்குப் பாறையிலதான் இருக்குது. ரெண்டு குஞ்சு பொரிச்சி, இப்ப குஞ்சும் பறக்குது. இனிமே எவனும் கல்லால அடிக்க முடியாது, அதான் சொல்றேன். எங்க குவாரி கணக்குல சேர வேண்டியத கொறச்சிட்டாங்க சார்."

மண்டபத்தில் சிரிப்பு. மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெருமை தாங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ஆமா சார், எங்ககிட்ட பறவை ஏகப்பட்டது இருக்குது!" என்று சத்தம் கொடுத்தார். என் பக்கத்தில் ஆபீஸ் சார் முகத்தில் ஈயாடவில்லை.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது அங்கதான் தங்குதுன்னு எப்படிம்மா சொல்றீங்க?"

"எப்படின்னா? நான் விசில் ஊதுனா உள்ள போவுது, மறுபடி ஊதுனா வெளிய வருது. வழியில போற பறவைக்கு என் விசில் எப்பிடி சார் தெரியும்?"

இன்னும் பெரிய சிரிப்பு. பின்னாலிருந்து ஒருவன், "கோட்டானுக்கு ரேஷன் கார்டு இருக்குதான்னு கேளுங்க சார்!" என்றான். அக்கா திரும்பி அவனை ஒரு முறை முறைத்தார். சிரிப்பு நிற்கவில்லை.

"பறவை சர்வே எடுத்தது யாரு?" என்றார் அதிகாரி.

நான் எழுந்தேன். மைக்கை என் கையில் கொடுத்தார்கள். அக்கா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். நம்ம ஆள்தான், சொல்லிடும், என்கிற சிரிப்பு.

"நீங்க கூட்டைப் பார்த்தீங்களா?"

மைக் சூடாக இருந்தது. ஆபீஸ் சார் என்னைப் பார்க்கவே இல்லை, பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார். பறந்து போனதைத்தான் பார்த்தேன்."

அக்காவின் சிரிப்பு உடனே போகவில்லை. காது சரியாகக் கேட்காதவர்கள் முகம் சில நேரம் அப்படி இருக்கும். அப்புறம் போனது. அவர் இன்னொரு மைக்கை வாங்கி, குரலை ரொம்பத் தாழ்த்தி, "அப்ப நான்தான் தப்பா பாத்திருப்பேன் சார். அவங்க படிச்சவங்க. மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

கூட்டம் முடிந்தது. ஆபீஸ் சார் தோளைத் தட்டி, "டென்ஷன் ஆயிட்டேம்மா" என்றார். நான் அக்காவைத் தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன். கை கழுவுகிற குழாய்களுக்குப் பக்கத்தில் தனியாக நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க பார்த்தது சரி. நான்தான் பொய் சொன்னேன்."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். நிதானமாகத் துடைத்தார். "அது எனக்குத் தெரியாதா? கூட்டிட்டுப் போயிக் காட்டனவ நானு. அங்க ஏன் சொல்லல? வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருந்த?"

அப்போதுதான், ஒரு வழியாக, முழுசையும் சொன்னேன். பறவை நிறைய இருந்தால் குவாரிக்கு நல்லது என்று நீங்கள் எல்லோரும் நினைப்பது தப்பு. அது தலைகீழ். கோட்டான் கூடு இருக்கிறது என்று எழுதினால் மேற்குப் பாறைக்கு அனுமதி வராது. வராவிட்டால் உங்கள் வேலை போய்விடும். "உங்களுக்காகத்தான்க்கா" என்றேன். சொல்லும்போதே எனக்குக் கூசியது.

அக்கா குழாயை மூடினார். சரியாக மூடவில்லை, சொட்டியது. மறுபடியும் திருகினார்.

"எனுக்காகவா? என் வேலையப் பத்தி என்னக் கேட்டியா நீ? அமாவாச அன்னிக்கி நாள் முழுக்க உன்கூடத்தானே குந்தியிருந்தேன். வாயத் தொறந்து, அக்கா இது இப்பிடி ஆவும், எழுதட்டுமா வேணாமான்னு ஒரு வார்த்த கேட்டியா? வேணாம்னா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன். உன் வேலைக்குப் பயந்துகிட்டு எம் பேரச் சொல்லாத."

எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழ எனக்கு உரிமை இல்லை என்று பட்டதால் அடக்கினேன்.

"சரி. இப்ப கேளு" என்றார்.

"என்னக்கா?"

"அப்ப கேக்காதத இப்ப கேளு."

கேட்டேன். மண்டபத்துக்குள் நாற்காலிகளை மடக்கி அடுக்குகிற சத்தம் கேட்டது. அக்காவுக்கு பாலிடெக்னிக் படிக்கிற ஒரு பெண் இருந்தாள். அவளை நினைத்திருப்பார். நானாக இருந்தால் நினைத்திருப்பேன்.

"வேல போனா கஷ்டம்தான்" என்றார் கடைசியில். "இல்லன்னு சொல்லல. ஆனா இத்தினி பேரு எதிர்ல நான் பொய் சொல்றவ ஆயிட்டேன். நாளைக்கி கொடியப் புடிச்சி, கிட்ட வராத, வெடி வெடிக்கப் போவுதுன்னு கத்துனா எவன் நம்புவான்? சிரிச்சிக்கிட்டே வந்து சாவான். வா."

என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். அதிகாரி காரில் ஏறிவிட்டார். டிரைவர் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா கழுத்திலிருந்த விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். கார் நின்றது. யார் காராக இருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு நிற்கும். கண்ணாடி இறங்கியது.

"சார், இந்தப் பொண்ணு ஒன்னு சொல்லணுமாம்."

நான் சொன்னேன். அதிகாரி என்னைத் திட்டவில்லை. களைப்பாக இருந்தார். "மினிட்ஸ்ல கையெழுத்துப் போட்டாச்சேம்மா. எழுத்து மூலமாக் குடுத்தாச் சேர்த்துக்கலாம். இன்னிக்குள்ள" என்றார். "ஒரு நிமிசம் சார்" என்றார் அக்கா. காரின் பானெட்டைத் தட்டிக் காட்டி, எழுது என்று கண்ணால் சொன்னார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் சார் அடுத்த வாரம் போன் செய்து, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா" என்றார். இன்னும் ரெஸ்ட்தான். இப்போது செஞ்சியில் ஒரு டியூஷன் சென்டரில் உயிரியல் எடுக்கிறேன். மேற்குப் பாறைக்கு வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, வெடிப்பு இருக்கிற பக்கம் முழுவதையும் விட்டுவிடச் சொல்லிவிட்டார்கள். மிச்சத்துக்கு மட்டும் அனுமதி வந்தது. பாதிப் பேருக்கு வேலை இல்லை. அக்காவுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் கொடி பிடிக்கிற வேலை, மற்ற நாள் மல்லாட்டை பிடுங்கப் போகிறார். மேனேஜருக்கு என்ன நடந்தது என்று புரிய ஒரு மாதம் ஆனது. புரிந்த அன்றைக்கு லவ் பேர்ட்ஸ் கூண்டை அவரே கழற்றினாராம். என்னைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் இப்போதும் வணக்கம் வைக்கிறார். என்னால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கு பானெட் கொதித்தது. நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து, கையைச் சுட்டுக்கொண்டே எழுதினேன். ஆறு வருஷப் பழக்கம், வாக்கியம் தானாக வளைந்து வளைந்து வந்தது. மேற்படி கூட்டத்தில் பேசிய பெண்மணி கொம்பன் ஆந்தையின் கூடு பற்றிக் கூறியது உண்மையாக இருக்கும் என நம்புகிறேன். எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன்.

அக்கா தாளை வாங்கிப் படித்தார். விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். டிரைவர் ஹார்ன் அடித்தார். அக்கா தலை நிமிரவில்லை.

"நம்புறேன்னா இன்னா? பாத்தியா, பாக்கலியா?"

"பார்த்தேன்."

"அப்ப அத எழுது."

நம்புகிறேன் வரைக்கும் மொத்தத்தையும் அடித்துவிட்டு, கீழே எழுதினேன். மேற்குப் பாறையில் கோட்டானையும் அதன் இரண்டு குஞ்சுகளையும் கண்ணால் பார்த்தேன். கூட்டத்தில் நான் சொன்னது பொய். கையெழுத்துப் போடக் குனிந்தபோது அக்கா என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார்.

"இரு. மொதல்ல பாத்தது நானு."

இனிஷியலோடு தன் முழுப் பெயரையும் எழுதி, அதன் கீழே ஒரு கோடும் போட்டார். அதற்கப்புறம் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். நான் கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.